டர்லாக் ஓ கரோலன்

டர்லாக் ஓ கரோலன் (1670 – மார்ச் 25, 1738) அயர்லாந்தைச் சேர்ந்த யாழிசைக் கலைஞர், பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆவார். பதினெட்டாவது வயதில் பெரியம்மை நோயால் கண்பார்வையை இழந்த இவர், அதன் பின்னரே யாழ் பயின்றார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குதிரை மீது ஊர் ஊராகச் சென்று, புரவலர்களின் இல்லங்களில் யாழ் மீட்டியும் தாம் இயற்றிய பாடல்களைப் பாடியும் வாழ்ந்தார். இவர் இயற்றியவையாக இருநூறுக்கும் மேற்பட்ட மெட்டுகள் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை இவரை விருந்தினராக ஏற்ற குடும்பத்தாரின் பெயர்களைத் தாங்கியவை.

ஐரிய மொழி இவரது தாய்மொழி ஆகும். ஆங்கிலத்தைப் பின்னர் கற்றுக்கொண்டார். ஐரிய மொழி பேசிய பழங்குடிப் பிரபுக்களுக்கும், ஆங்கிலம் பேசிய புதிய நிலக்கிழார்களுக்கும் ஒருங்கே பாடியவர் என்ற வகையில் இவரது வாழ்க்கை அயர்லாந்து வரலாற்றில் தனித்த கவனத்தைப் பெறுகிறது. பலர் இவரை அயர்லாந்தின் தேசிய இசையமைப்பாளராகக் கருதுகின்றனர். அயர்லாந்தின் கடைசிப் பாணர் என்ற அடைமொழியும் இவருக்கு உண்டு. எனினும் இவருக்குப் பின்னரும் யாழ்க் கலைஞர்கள் பலர் வாழ்ந்துள்ளமையால் அது முற்றிலும் பொருந்தும் அடைமொழி அன்று.

பெயர்

ஐரிய மொழியில் இவரது பெயர் ஏறத்தாழ ட்ரேலக் ஓ கியாரவலான் என ஒலிக்கும். ஆங்கிலத்தில் இது டர்லாக் ஓ கரோலன் எனத் திரிந்தது. பழைய இசைத் தொகுப்புகளிலும் நூல்களிலும் பெரும்பாலும் கரோலன் என்று மட்டுமே குறிப்பிடப்படுகிறார்.

வரலாற்றுப் பின்னணி

அயர்லாந்தின் பழைய சமூக அமைப்பில் ஒவ்வொரு குலத்தலைவரின் அவையிலும் புலவரும் யாழ்க் கலைஞரும் இடம்பெற்றிருந்தனர். புலவர் தலைவரின் புகழைப் பாடலாக்குவார். யாழ்க் கலைஞர் அதற்கேற்ப யாழ் மீட்டுவார். இவர்களுக்கு நிலமும் மதிப்பும் வழங்கப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டில் இந்த அமைப்பு சிதைந்தது. 1601 ஆம் ஆண்டு நடைபெற்ற கின்சேல் போரில் ஐரியத் தலைவர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றனர். 1607 இல் வடபகுதித் தலைவர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். நூற்றாண்டின் நடுவில் கிராம்வெல்லின் படையெடுப்பும், 1690 இல் பாய்ன் போரும், 1691 இல் ஓக்ரிம் போரும் கத்தோலிக்கப் பிரபுக்களின் நிலங்களை மேலும் பறித்தன. 1703 அளவில் அயர்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழ 14 விழுக்காடே கத்தோலிக்கரின் உடைமையாக இருந்தது. 1695 முதல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கரின் கல்வி, சொத்துரிமை, வழிபாடு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தின.

யாழ் அயர்லாந்தின் சின்னமாக 1530களிலேயே நாணயங்களில் பொறிக்கப்பட்டிருந்தது. ஆனால் அதை மீட்டியவர்களோ ஆதரிக்கும் அவைகளை இழந்து, வீடு வீடாகச் செல்லும் நாடோடிகளாயினர். கரோலன் பிறந்து வளர்ந்தது இத்தகைய காலத்திலாகும்.

இளமை

கரோலன் 1670 ஆம் ஆண்டு மீத் மாவட்டத்தில் உள்ள நாபர் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். தந்தையின் பெயர் ஜான் கரோலன். குடும்பம் எளிய நிலையில் இருந்தது. கரோலனுக்கு ஏறத்தாழ பதினான்கு வயதானபோது அவர்கள் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்து, ராஸ்காமன் மாவட்டத்தின் பாலிஃபார்னன் பகுதியை அடைந்தனர். அங்கே ஆல்டர்ஃபோர்ட் என்னும் மாளிகையில் வாழ்ந்த மக்டெர்மட் ரோ குடும்பத்தாரிடம் தந்தைக்கு வேலை கிடைத்தது.

அம்மாளிகையின் தலைவியான திருமதி மக்டெர்மட் ரோ சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு, அவனுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். கரோலனின் வாழ்க்கையில் மிகுந்த செல்வாக்குச் செலுத்தியவர் இவரே ஆவார். கரோலன் இறுதிவரை இவரைத் தம் முதற் புரவலராகப் போற்றினார்.

பார்வை இழப்பும் யாழ்ப் பயிற்சியும்

பதினெட்டாம் வயதில் கரோலனைப் பெரியம்மை தாக்கியது. உயிர் பிழைத்தாலும் இரு கண்களின் பார்வையும் முற்றிலும் அழிந்தது. அக்காலத்தில் அம்மை நோயால் பார்வை இழந்த இளைஞர்களை யாழ்ப் பயிற்சிக்கு அனுப்புவது அயர்லாந்தில் வழக்கமாக இருந்தது. உழவோ கைத்தொழிலோ செய்ய இயலாதவர்களுக்கு அது மதிப்புடன் பிழைப்பதற்கான வழியாகக் கருதப்பட்டது. யாழ் இசை எழுத்தின் துணையின்றிச் செவிவழியே கற்பிக்கப்பட்டமையால் பார்வையின்மை அதற்குப் பெருந்தடையாக அமையவில்லை.

திருமதி மக்டெர்மட் ரோ கரோலனை ஒரு யாழ் ஆசிரியரிடம் சேர்த்து மூன்று ஆண்டுகள் பயிற்சி பெறச் செய்தார். பயிற்சி முடிந்ததும் ஒரு குதிரையையும், வழிகாட்டியாக ஒரு பணியாளையும், சிறிது பணத்தையும் அளித்து அனுப்பி வைத்தார். 1691 ஆம் ஆண்டளவில், இருபத்தொரு வயதில், கரோலன் தம் பயணத்தைத் தொடங்கினார். ஐரியப் பிரபுக்களின் படைகள் இறுதித் தோல்வியைத் தழுவிய ஆண்டும் அதுவே.

யாழ்க் கலைஞர்கள் பலரும் சிறுவயதிலேயே பயிற்சியைத் தொடங்குவர். பதினெட்டு வயதுக்குப் பின் கற்கத் தொடங்கிய கரோலனின் விரல்கள் அவர்களுடைய விரைவையும் நுட்பத்தையும் எட்டவில்லை என்பது அவருக்குப் பின் வந்த யாழ்க் கலைஞர்களின் கருத்தாகும். இக்குறையே அவரை இசையமைப்பின் பக்கம் திருப்பியது.

முதல் பாடல்

பயணத்தின் தொடக்கத்தில் கரோலன் லீட்ரிம் மாவட்டத்தில் வாழ்ந்த ஜார்ஜ் ரேனால்ட்ஸ் என்னும் நிலக்கிழாரின் இல்லத்தை அடைந்தார். ரேனால்ட்ஸ் தாமே யாழும் கவிதையும் அறிந்தவர். கரோலனின் வாசிப்பைக் கேட்ட அவர், விரல்களைக் காட்டிலும் நாவைக் கொண்டு சிறக்க முடியும் எனக் கருதி, பாடல் இயற்றுமாறு தூண்டினார் என்று கூறப்படுகிறது. அருகிலுள்ள இரண்டு குன்றுகளில் வாழும் தேவதைக் கூட்டங்கள் ஒன்றோடொன்று போரிட்டதாக அப்பகுதியில் வழங்கிய பழங்கதையையும் அவரே எடுத்துரைத்தார்.

கரோலன் அக்கதையைப் பாடலாக்கினார். சிறிய தேவதைக் குன்று, பெரிய தேவதைக் குன்று எனப் பொருள்படும் ஷீ வெக், ஷீ வோர் என்னும் அப்பாடலே அவரது முதல் ஆக்கம் எனக் கருதப்படுகிறது. அதன் மெட்டில் ஏற்கெனவே வழங்கிய ஒரு மெட்டின் சாயல் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இன்றும் அயர்லாந்து இசை பயில்வோர் முதலில் கற்கும் மெட்டுகளுள் இதுவும் ஒன்று.

பயண வாழ்க்கை

இதன் பின்னர் கரோலனின் வாழ்க்கை பெரும்பாலும் பயணத்திலேயே கழிந்தது. லீட்ரிம், ராஸ்காமன், ஸ்லைகோ, மேயோ, கால்வே, லாங்ஃபோர்ட், மீத் ஆகிய மாவட்டங்களில் அவருக்குப் புரவலர்கள் இருந்தனர். டப்ளின் நகரத்திற்கும் சென்றுள்ளார். யாழையும் கரோலனையும் குதிரைகள் சுமந்து செல்ல, பணியாள் வழிகாட்டுவார்.

கரோலனைக் கூலிக்கு வாசிப்பவராக அன்றி விருந்தினராகவே குடும்பங்கள் நடத்தின. உணவு மேசையில் வீட்டாருடன் அவருக்கு இடமளிக்கப்பட்டது. அவர் வந்து சேரும்வரை திருமணங்களைத் தள்ளிவைத்த குடும்பங்களும் உண்டு எனச் சொல்லப்படுகிறது. பதிலுக்கு அவர் வீட்டுத் தலைவரையோ, தலைவியையோ, மகளையோ போற்றி ஒரு பாடலை இயற்றித் தருவார். இத்தகைய புகழ்ப்பாடல்கள் பலவும் பிளாங்க்ஸ்டி எனப்படுகின்றன. இச்சொல்லின் வேர் பற்றி அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை.

விருந்தோம்பலில் குறை வைத்தவர்களை அவர் விட்டுவைக்கவில்லை. தம்மை மதுக்கிடங்கிற்குள் விட மறுத்த மாளிகைப் பணியாளர் ஒருவரை அவர் வசைபாடியது நெடுங்காலம் நினைவில் நின்றது. புகழவும் இகழவும் வல்லவர் என்பதால் பாணர்களுக்கு இருந்த பழைய மதிப்பின் எச்சத்தை இதில் காணலாம்.

அவரது புரவலர்களில் பெலனகேர் என்னும் ஊரைச் சேர்ந்த ஓ கானர் குடும்பத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். அயர்லாந்தின் பழைய அரச மரபில் வந்த இவர்கள் தம் நிலங்களில் பெரும்பகுதியை இழந்திருந்தனர். இக்குடும்பத்தின் சிறுவன் சார்லஸ் ஓ கானருக்குக் (1710–1791) கரோலன் யாழ் கற்பித்தார். பின்னாளில் அயர்லாந்தின் புகழ்பெற்ற வரலாற்று அறிஞராக விளங்கிய சார்லஸ், தம் ஆசிரியரைப் பற்றி விட்டுச்சென்ற குறிப்புகள் கரோலனின் வாழ்க்கையை அறிய உதவும் முதன்மையான சான்றுகளுள் அடங்கும்.

மறுபுறம், புதிதாக நிலம் பெற்றுக் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்களும் கரோலனை வரவேற்றன. கூப்பர், கிராஃப்டன், ஜோன்ஸ் போன்ற புரட்டஸ்தாந்துக் குடும்பங்களுக்கு அவர் இயற்றிய மெட்டுகள் கிடைத்துள்ளன. நிலத்தை இழந்தவர் வீட்டிலும் அந்நிலத்தைப் பெற்றவர் வீட்டிலும் ஒரே யாழ் ஒலித்தது. தண்டனைச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த காலத்தில் ஒரு கத்தோலிக்கக் கலைஞருக்கு இரு தரப்பினரின் கதவுகளும் திறந்திருந்தமை அரிதாகும்.

யாழும் வாசிப்பு முறையும்

கரோலன் மீட்டிய ஐரிய யாழ் இன்றைய மேடைகளில் காணப்படும் பெரிய ஹார்ப் கருவியிலிருந்து வேறுபட்டது. அதன் உடல் ஒரே மரக்கட்டையைக் குடைந்து செய்யப்பட்டது. விலங்கு நரம்புகளுக்கு மாறாகப் பித்தளைக் கம்பிகள் பூட்டப்பட்டிருந்தன. அவற்றின் எண்ணிக்கை பொதுவாக முப்பதுக்கு மேற்பட்டிருக்கும். வளர்த்த விரல் நகங்களால் கம்பிகள் மீட்டப்பட்டன. கருவி இடத் தோளில் சாய்த்து வைக்கப்படும். இடக்கை மேல்சுரங்களையும் வலக்கை கீழ்ச்சுரங்களையும் வாசிக்கும்.

உலோகக் கம்பியின் ஒலி மணியோசை போல நெடுநேரம் நீடிக்கும். எனவே தேவையற்ற ஒலிகளை விரலால் தொட்டு அடக்குவதும் கலைஞரின் திறனாகக் கருதப்பட்டது. அகன்ற அரங்கைக் காட்டிலும் மாளிகையின் கூடத்திற்கே ஏற்ற கருவி இது. கேட்போர் சிலர் நெருங்கி அமர்ந்திருக்க, பாடல் யாரைப் பற்றியதோ அவரும் அங்கேயே இருக்க, கரோலனின் நிகழ்ச்சிகள் நடைபெற்றன.

ராஸ்காமன் மாவட்டத்தில் ஓ கானர் மரபினரின் குளோனாலிஸ் மாளிகையில் உள்ள யாழ் ஒன்று கரோலன் பயன்படுத்தியது எனக் கூறப்படுகிறது.

பாடல் இயற்றும் முறை

பழைய மரபில் புலவரின் சொற்களே முதலில் பிறக்கும். இசை அதைத் தொடரும். கரோலன் இவ்வொழுங்கை மாற்றினார். அவர் முதலில் மெட்டை உருவாக்கினார். அடுத்த புரவலரின் இல்லத்தை நோக்கிக் குதிரையில் செல்லும்போதே மெட்டு மனத்தில் உருப்பெறும். சொற்களைப் பின்னர் சேர்ப்பார். தம் மேலங்கியின் பொத்தான்களை இசைக்குறியீட்டின் கோடுகளாகக் கொண்டு விரலால் தொட்டுத் தொட்டு மெட்டமைத்தார் என்றொரு கதையும் வழங்குகிறது.

மெட்டு முதன்மை பெற்றதால் அவரது பாடல்களில் சொற்களின் யாப்பு சில இடங்களில் தளர்ந்து காணப்படுகிறது. புலமை மரபில் தேர்ந்த அக்காலப் புலவர்களின் செய்யுள்களோடு ஒப்பிட்டால் அவரது வரிகள் எளியவை. பெண்களின் அழகு, வீட்டாரின் குலப்பெருமை, வள்ளன்மை, மது விருந்து ஆகியவையே பெரும்பாலும் பாடுபொருள்கள். அவரது சிறப்பு இசையிலேயே வெளிப்பட்டது.

ஒரு மெட்டு கேட்டவுடன் மனத்தில் பதியும் தன்மையைக் காட்டும் கதை ஒன்று உண்டு. ஜோன்ஸ் என்னும் நிலக்கிழாரைப் போற்றிக் கரோலன் ஒரு மெட்டை அமைத்துக்கொண்டிருந்தபோது, அதே இல்லத்தில் அடுத்த அறையில் தங்கியிருந்த ஆர்தர் டாசன் என்னும் சட்ட அறிஞர் அதைக் கேட்டு மனத்தில் கொண்டார். ஆங்கிலச் சொற்களை அதற்குப் பொருத்தி, மறுநாள் காலை கரோலன் தம் புதிய பாடலைப் பாடியபோது, அது தம்முடையது என உரிமை கோரிப் பாடிக் காட்டினாராம். கரோலன் சினந்து எழுந்தார் என்று கதை முடிகிறது. நிகழ்ச்சி எவ்வாறாயினும், டாசனின் ஆங்கில வரிகள் அம்மெட்டுடன் பிற்காலத்தில் பரவின என்பது உண்மை.

இரு மொழிகள்

கரோலன் காலத்து அயர்லாந்தில் மக்களில் பெரும்பாலோர் ஐரிய மொழி பேசினர். ஆட்சி, நீதிமன்றம், நிலப்பத்திரம், அச்சு நூல் ஆகியவற்றின் மொழி ஆங்கிலம். கரோலன் ஆங்கிலம் அறிந்திருந்தாலும் அதில் சரளமாகப் பாட்டெழுதும் அளவுக்குத் தேர்ச்சி பெறவில்லை. அவர் ஆங்கிலத்தில் இயற்றியதாக அறியப்படும் பாடல் ஒன்றே. லாங்ஃபோர்ட் மாவட்டத்தைச் சேர்ந்த செல்வி ஃபெதர்ஸ்டன் என்னும் பெண்ணைப் போற்றும் அப்பாடல், கரோலனின் பக்தி என்ற பெயரால் அறியப்படுகிறது. வழிபாட்டிற்குச் செல்லும் வழியில் அப்பெண்ணைச் சந்தித்ததன் விளைவாக அது பிறந்தது என்பர். பழக்கமில்லாத மொழியில் எழுதுபவரின் தடுமாற்றம் அதன் வரிகளில் தெரிகிறது.

ஏனைய பாடல்களை அவர் ஐரிய மொழியிலேயே இயற்றினார். ஆங்கிலேயப் புரவலர்களுக்காகப் பாடியபோதும் மொழியை மாற்றவில்லை. ஆகவே தம்மைப் போற்றிப் பாடப்பட்ட சொற்களின் பொருளைப் புரவலர் சிலர் முழுமையாக அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவ்வில்லங்களில் பாடலின் பணியை மெட்டே செய்தது.

எதிர்த்திசையிலும் ஒரு பாலம் அமைந்தது. ஓ ரூர்க் குலத்தலைவரின் விருந்தை வருணிக்கும் ஐரிய மொழிப் பாடல் ஒன்றை ஹியூ மெகாரன் என்னும் புலவர் இயற்றியிருந்தார். அதன் மெட்டு கரோலனுடையது எனக் கொள்ளப்படுகிறது. கலிவரின் பயணங்கள் என்னும் நூலை எழுதிய ஜொனாதன் சுவிப்ட் அப்பாடலை 1720 ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் பெயர்த்தார். சுவிப்டின் நண்பரும் டப்ளின் டிரினிட்டி கல்லூரி அறிஞருமான பேட்ரிக் டிலேனி, கரோலனை ஆதரித்தவர்களுள் ஒருவர்.

இத்தாலிய இசையின் தாக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்ளின் நகரில் இத்தாலிய இசை பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. கொரெல்லி, விவால்டி ஆகியோரின் ஆக்கங்கள் மாளிகைகளில் வாசிக்கப்பட்டன. வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜெமினியானி 1733 இல் டப்ளினுக்கு வந்தார். கரோலன் இவ்விசையை விரும்பிக் கேட்டார். அவற்றுள் கொரெல்லியின் இசை அவரைப் பெரிதும் கவர்ந்தது எனக் கூறப்படுகிறது.

கால்வே மாவட்டத்தின் லாக்ரே அருகில் வாழ்ந்த பவர் குடும்பத் தலைவிக்காக அவர் இயற்றிய மெட்டு, கரோலனின் கான்செர்ட்டோ என்று புகழ்பெற்றது. ஒரே சொற்றொடரைப் படிப்படியாக ஏற்றியும் இறக்கியும் அமைக்கும் இத்தாலிய முறையை இதில் தெளிவாகக் காணலாம். ஆங்கில எழுத்தாளர் ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1760 இல் எழுதிய கட்டுரையில் இதன் தோற்றம் பற்றிய கதையைக் குறிப்பிடுகிறார். அதன்படி, ஒரு பிரபுவின் இல்லத்தில் தேர்ந்த இசைக் கலைஞர் ஒருவர் விவால்டியின் ஆக்கத்தை வயலினில் வாசிக்க, அதற்கு முன் அதைக் கேட்டிராத கரோலன் அதை அப்படியே யாழில் வாசித்துக் காட்டினார். பின் தாமாகவே ஒரு கான்செர்ட்டோவை உடனடியாக அமைத்தும் வாசித்தார். இக்கதை பல வடிவங்களில் வழங்குகிறது. அதனால் இதை வரலாறாக ஏற்பதற்கில்லை. ஆயினும் கரோலனின் நினைவாற்றல் குறித்து அவர் காலத்தவர் கொண்டிருந்த வியப்பை இது காட்டுகிறது.

இத்தாலிய நடை, ஐரிய யாழ் மரபு, நாட்டார் நடன மெட்டு ஆகிய மூன்றும் இவரது ஆக்கங்களில் கலந்துள்ளன. நாட்டார் மெட்டுகளில் இரு பகுதிகளும் சம நீளமுடையவையாக இருக்கும். கரோலனின் பல மெட்டுகளில் இரண்டாம் பகுதி முதற்பகுதியைவிட நீண்டு, எதிர்பாராத திருப்பங்களுடன் அமையும். பயின்ற செவிக்கு இவரது மெட்டை அடையாளம் காட்டும் கூறுகளுள் இதுவும் ஒன்று.

குடும்பமும் நட்பும்

இளமையில் கரோலன் மீத் மாவட்டத்தைச் சேர்ந்த பிரிஜித் குரூஸ் என்னும் உயர்குடிப் பெண்ணை விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. அப்பெண்ணின் பெயரில் பல மெட்டுகளை இயற்றினார். பல ஆண்டுகளுக்குப் பின் டோனிகால் மாவட்டத்தின் டெர்க் ஏரித் தீவுக்கு யாத்திரை சென்றபோது, படகில் ஏற உதவிக்காகத் தாம் பற்றிய கை அவளுடையது என்பதைத் தொடுகையாலேயே அறிந்துகொண்டார் எனச் சார்லஸ் ஓ கானர் வழியாக ஒரு செய்தி வந்துள்ளது.

பின்னர் கரோலன் ஃபெர்மானா மாவட்டத்தைச் சேர்ந்த மேரி மக்வயரை மணந்தார். இவர்களுக்கு ஆறு பெண்மக்களும் ஒரு மகனும் பிறந்தனர். லீட்ரிம் மாவட்டத்தில் மோகில் என்னும் ஊரருகே சிறு பண்ணையில் குடும்பம் வாழ்ந்தது. கரோலனின் பயணங்கள் தொடர்ந்தமையால் இல்லத்தின் பொறுப்பு பெரும்பாலும் மனைவியையே சார்ந்திருந்தது. வருவாயைச் சேர்த்து வைக்கும் பழக்கம் கரோலனிடம் இல்லை. 1733 இல் மேரி இறந்தார். அவர் பிரிவைப் பாடும் இரங்கற்பா கரோலனின் சொற்களில் ஆழமான உணர்ச்சி கொண்டதாகக் கருதப்படுகிறது.

புலவர் சார்லஸ் மக்கேப் இவரது நெருங்கிய நண்பர். ஒருமுறை மக்கேப் தாமே இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி கூறிக் கரோலனை ஏமாற்றினார். கரோலன் அழுது உடனடியாக ஓர் இரங்கற்பாவைப் பாடினார் என்பர். உண்மையில் முதலில் இறந்தவர் கரோலன். அவருக்கு இரங்கற்பா பாடியவர் மக்கேப்.

மது விருப்பம் கரோலனின் வாழ்விலும் பாடல்களிலும் கலந்திருந்தது. எல்ஃபின் ஊரைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்டாஃபோர்டைப் போற்றிய மெட்டு, கரோலனின் மருந்துச்சீட்டு என்று பெயர் பெற்றது. அம்மருத்துவர் அவருக்குப் பரிந்துரைத்த மருந்து விஸ்கி என்பது அப்பெயரின் பின்னணி.

இறுதி நாட்கள்

1738 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடல்நலம் குன்றிய கரோலன், தம் பயணம் தொடங்கிய ஆல்டர்ஃபோர்ட் மாளிகைக்குத் திரும்பினார். முதுமையடைந்திருந்த திருமதி மக்டெர்மட் ரோ அவரை வரவேற்றுக் கவனித்துக்கொண்டார். ஒருநாள் கரோலன் யாழைக் கொண்டுவரச் செய்து ஒரு மெட்டை வாசித்தார். இசைக்கு விடை எனப்படும் அம்மெட்டே அவரது கடைசி ஆக்கம் ஆகும் என மரபு கூறுகிறது.

மார்ச் 25, 1738 அன்று கரோலன் அங்கேயே இறந்தார். இறந்தவரின் உடலருகே உறவினரும் நண்பரும் விழித்திருக்கும் சடங்கு நான்கு நாட்கள் நீடித்தது. பல மாவட்டங்களிலிருந்து யாழ்க் கலைஞர்களும் குருமாரும் பொதுமக்களும் திரண்டனர். ராஸ்காமன் மாவட்டத்தின் கில்ரோனன் தேவாலய வளாகத்தில், மக்டெர்மட் ரோ குடும்பத்தாரின் கல்லறைக்கு அருகில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மெட்டுகள் எஞ்சிய வரலாறு

கரோலன் தம் ஆக்கங்களை எழுதி வைத்தவர் அல்லர். அவை கேட்டவர்களின் நினைவிலும் பிற கலைஞர்களின் விரல்களிலுமே வாழ்ந்தன. டப்ளினைச் சேர்ந்த ஜான் நீல், வில்லியம் நீல் ஆகியோர் 1724 இல் வெளியிட்ட இசைத் தொகுப்பில் கரோலனின் சில மெட்டுகள் அவர் வாழ்நாளிலேயே அச்சேறின. அவரது மறைவுக்குப் பின் மகன் 1740களின் பிற்பகுதியில் ஒரு தொகுப்பை வெளிக்கொணர்ந்துவிட்டு இலண்டனுக்குச் சென்றார். 1786 இல் ஜோசப் கூப்பர் வாக்கர் எழுதிய ஐரியப் பாணர் வரலாற்றில் கரோலனின் வாழ்க்கைக் குறிப்பும் இடம்பெற்றது.

ஜூலை 1792 இல் பெல்பாஸ்ட் நகரில் யாழ்க் கலைஞர்களின் மாநாடு கூட்டப்பட்டது. அயர்லாந்து முழுவதிலுமிருந்து பத்துக் கலைஞர்களே வந்தனர். வேல்சிலிருந்து ஒருவர் வந்தார். ஐரியக் கலைஞர்களில் பலர் முதியவர்கள், பார்வையற்றவர்கள். அவர்கள் வாசித்தவற்றைக் குறித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பத்தொன்பது வயது ஆர்கன் கலைஞர் எட்வர்ட் பன்டிங், தம் வாழ்நாள் முழுவதையும் இப்பணிக்கே அளித்தார். 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட தொகுப்புகள் வாயிலாகக் கரோலனின் மெட்டுகள் பல காக்கப்பட்டன.

இத்தொகுப்புகள் பியானோ வாசிப்போருக்காகவும் வயலின், குழல் வாசிப்போருக்காகவும் அச்சிடப்பட்டவை. மெட்டின் மேல்வரி மட்டுமே பெரும்பாலும் கிடைத்தது. கரோலனின் வலக்கை எழுப்பிய கீழ்ச்சுரங்கள் பதிவாகவில்லை. இன்று வாசிக்கப்படும் துணைச்சுரங்கள் யாவும் பிற்காலத்தார் அமைத்தவை.

சொற்களுக்கு நேர்ந்த இழப்பு இதனினும் பெரிது. ஐரிய மொழி பேசுவோர் தொகை பத்தொன்பதாம் நூற்றாண்டில், சிறப்பாக 1845 இல் தொடங்கிய பெரும் பஞ்சத்திற்குப் பின், விரைந்து குறைந்தது. மொழி அறிந்தோர் குறையக் குறைய, பாடல்களின் வரிகள் வழக்கொழிந்தன. கையெழுத்துப் படிகளில் எஞ்சிய வரிகளைத் தொமாஸ் ஓ மாலியா தொகுத்து 1916 இல் பதிப்பித்தார். பெரும்பாலான மெட்டுகளுக்கு இன்று பெயர் மட்டுமே உண்டு, சொற்கள் இல்லை. பாடகராகவும் வாழ்ந்த ஒருவரை உலகம் கருவியிசை அமைத்தவராக மட்டுமே அறிந்திருப்பதற்கு இதுவே காரணம்.

மதிப்பீடு

கரோலனின் இசை எல்லோராலும் ஒரே வகையில் மதிப்பிடப்படவில்லை. பெல்பாஸ்ட் மாநாட்டில் கலந்துகொண்ட மிக மூத்த கலைஞரான டெனிஸ் ஹெம்ப்சன் தொண்ணூறு வயதைக் கடந்தவர். அங்கு வந்தோரில் பழைய முறைப்படி நகங்களால் மீட்டியவர் அவர் ஒருவரே. இளமையில் கரோலனைச் சந்தித்திருந்தும், அவரது மெட்டுகளைப் புதுமை மிகுந்தவை எனக் கருதி வாசிக்க விரும்பவில்லை. அவரது நோக்கில் கரோலன் மரபைக் காத்தவர் அல்லர். அயல் இசையைக் கலந்தவர்.

பிற்காலத்தார் இதே பண்பைச் சிறப்பாகக் கண்டனர். ஆதரவு இழந்த ஒரு கலையைப் புதிய கேட்போருக்கு உகந்ததாக மாற்றியமையால்தான் கரோலனால் இரு தரப்பு இல்லங்களிலும் வாழ முடிந்தது. ஹெம்ப்சன் போற்றிய பழம் மெட்டுகளில் பல மறைந்துபோக, கரோலனின் மெட்டுகள் வயலினிலும் குழலிலும் வாசிக்கப்பட்டுத் தொடர்ந்தன. எனினும், பழைய யாழ் மரபை கரோலனின் ஆக்கங்களை மட்டும் கொண்டு மதிப்பிடுவது சரியாகாது என்பதையும் ஹெம்ப்சனின் நிலைப்பாடு நினைவூட்டுகிறது.

மறுமலர்ச்சியும் நினைவுச் சின்னங்களும்

1958 இல் டோனல் ஓ சலிவன் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு நூல் கரோலனின் வாழ்க்கையையும் 213 மெட்டுகளையும் ஒழுங்குபடுத்தித் தந்தது. இன்றும் மெட்டுகளை அந்நூலின் எண்ணைக் கொண்டே குறிப்பிடுகின்றனர். 1960களில் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா தம் இசைக்குழுவுடன் இம்மெட்டுகளை மேடையேற்றினார். கம்பி யாழின் ஒலிக்கு நெருங்கியது எனக் கருதி அவர் ஹார்ப்சிகார்ட் என்னும் விசைப்பலகைக் கருவியைப் பயன்படுத்தினார். சீஃப்டன்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த யாழ்க் கலைஞர் டெரிக் பெல் 1975 இல் கரோலனின் மெட்டுகளை இசைத்தட்டாக வெளியிட்டார். 1972 இல் உருவான புகழ்பெற்ற நாட்டார் இசைக்குழு ஒன்று பிளாங்க்ஸ்டி என்றே பெயர் சூட்டிக்கொண்டது. கித்தார் கலைஞர்கள் வாயிலாகவும் இம்மெட்டுகள் உலகெங்கும் பரவின.

அயர்லாந்து மத்திய வங்கி 1982 இல் வெளியிட்ட 50 பவுண்டு பணத்தாளில் கரோலனின் உருவம் இடம்பெற்றது. டப்ளின் புனித பேட்ரிக் பேராலயத்தில் எழுத்தாளர் சிட்னி மார்கன் சீமாட்டியின் முயற்சியால் அமைந்த நினைவுச் செதுக்குருவம் உள்ளது. புரட்டஸ்தாந்துப் பேராலயம் ஒன்றில் கத்தோலிக்க யாழ்க் கலைஞருக்கு இடமளிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. மோகில் நகரில் 1986 இல் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது. கில்ரோனன் அருகிலுள்ள கேடூ கிராமத்தில் 1978 முதல் இவர் பெயரில் யாழ் விழா நடத்தப்பட்டு வருகிறது.

சில புகழ்பெற்ற ஆக்கங்கள்

- ஷீ வெக், ஷீ வோர்: முதல் ஆக்கம் எனக் கருதப்படுவது.
- கரோலனின் கான்செர்ட்டோ: இத்தாலிய நடையில் அமைந்தது, திருமதி பவருக்காக இயற்றப்பட்டது.
- ஃபேனி பவர்: அதே குடும்பத்தின் மகளுக்காக இயற்றப்பட்டது.
- பிளாங்க்ஸ்டி இர்வின்: மூன்றன் நடையில் அமைந்த புகழ்ப்பாடல்.
- எலினார் பிளங்கெட்: மீத் மாவட்டப் பெண் ஒருவருக்காக இயற்றப்பட்ட மென்மையான மெட்டு.
- கரோலனின் மருந்துச்சீட்டு: மருத்துவர் ஸ்டாஃபோர்டுக்காக இயற்றப்பட்டது.
- இசைக்கு விடை: கடைசி ஆக்கம் என மரபு கூறுவது.